மண்வெட்டியால் போரிட்ட தளபதி: எட்வர்ட் டோட்லபென் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோட்லபென் யார்? ஏன் அவரைப் பற்றி எழுத வேண்டும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யப் பேரரசின் ராணுவப் பொறியாளர். 1854-55இல் கிரைமியாவில் இருக்கும் செவஸ்தபோல் துறைமுக நகரை பிரிட்டன், பிரான்ஸ், துருக்கிப் படைகள் முற்றுகையிட்டபோது, அந்த ஊரைச் சுற்றி அரண் எழுப்பியவர். 22 ஆண்டுகள் கழித்து பல்கேரியாவின் பிளெவ்னாவில் இதே வேலையை எதிர்ப்பக்கம் நின்று செய்தார்.

புறப்பொருள் இலக்கணத்தில் கோட்டையை வளைப்பது உழிஞை, உள்ளே நின்று காப்பது நொச்சி. இரண்டிலும் பேர் வாங்கிய படைத்தலைவர்கள் எந்த நாட்டிலும் குறைவு. டோட்லபென் அப்படி ஒருவர். குதிரையில் பாய்ந்து வாளைச் சுழற்றும் தளபதிகளைப் பற்றி நிறையவே படித்துவிட்டோம். கூடையும் மண்வெட்டியுமாகப் போரிட்ட இவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை.

பெயர் ஜெர்மன் பெயராக இருக்கிறதே?

ஆமாம். 1818இல், இன்று லாட்வியாவில் இருக்கும் மித்தாவ் என்ற ஊரில் (இப்போதைய பெயர் யெல்கவா) பிறந்தார். பால்டிக் கரையில் குடியேறிய ஜெர்மானிய வணிகக் குடும்பம். அந்தப் பகுதி அப்போது ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக ஜாரின் ராணுவத்திலும் நிர்வாகத்திலும் பணியாற்றினார்கள். நெப்போலியனை எதிர்த்த பார்க்ளே டி டோலியும் பால்டிக் பகுதியிலிருந்து வந்தவர்தான்.

பெயரைப் பிரித்தால் ஜெர்மன் மொழியில் 'மரணம்', 'வாழ்வு' என்ற இரண்டு சொற்கள் காதில் விழும். இந்தப் பெயர்ப் பொருத்தம் அவருடைய காலத்தவர்களின் கண்ணிலும் பட்டிருக்கிறது.

ராணுவத்துக்குள் எப்படி வந்தார்?

பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த தலைமைப் பொறியியல் பள்ளியில் சேர்ந்தார். இதய நோய் வந்ததால் படிப்பை முழுதாக முடிக்க முடியவில்லை. ரஷ்யாவின் தலைசிறந்த அரண் பொறியாளர் என்று பின்னாளில் பெயர் எடுத்தவர், அந்தப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சேப்பர் பட்டாளம். சேப்பர் என்ற சொல் நமக்குப் புதிதில்லை, மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவின் பெயரில் இருக்கும் அதே சொல்தான். முற்றுகையின்போது எதிரியின் கோட்டையை நோக்கி வளைந்து வளைந்து பதுங்குகுழி வெட்டுவது, நிலத்தடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பது, பாலம் கட்டுவது, அரண் எழுப்புவது எல்லாம் சேப்பர்களின் வேலை.

அங்கே கார்ல் ஷில்டர் என்ற ஜெனரலின் பார்வை இவர்மேல் விழுந்தது. ஷில்டர் அசாதாரணமான மனிதர். 1834இலேயே இரும்பால் நீர்மூழ்கி கட்டிப் பார்த்தவர், வெடிமருந்தை மின்சாரத்தால் பற்றவைக்கும் சோதனைகள் செய்தவர். நிலத்தடிப் போரின் நுணுக்கங்களை டோட்லபென் கற்றது இவரிடம்தான்.

செவஸ்தபோலுக்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்?

1848-49இல் காகசஸ் மலைப்பகுதியில் இருந்தார். தாகெஸ்தானில் கெர்கெபில், சோக் ஆகிய மலைக்கிராமங்களின் முற்றுகையில் பங்கெடுத்தார். 1854இல் டான்யூப் நதிக்கரையில் சிலிஸ்திரியா கோட்டை முற்றுகை. அங்கே ஷில்டர் காலில் படுகாயமடைந்து இறந்துபோனார். ஆஸ்திரியாவின் நெருக்கடியால் ரஷ்யப் படை அந்த முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியது. ஆசிரியரும் போய்விட்டார், கோட்டையும் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கிரைமியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது.

செவஸ்தபோலில் வரவேற்பு எப்படி இருந்தது?

மோசம். டான்யூப் படையின் தலைவர் கோர்ச்சகோவ் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். கிரைமியப் படையின் தலைவர் மென்ஷிகோவ் அதைப் படித்துவிட்டு, என்னிடம் ஏற்கெனவே ஒரு சேப்பர் பட்டாளம் இருப்பதை கோர்ச்சகோவ் மறந்துவிட்டார் போலிருக்கிறது, நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று சொன்னதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1854 ஆகஸ்ட் மாதம் அது. அந்த ஆண்டு எதிரி இறங்க மாட்டான் என்பது மென்ஷிகோவின் நம்பிக்கை.

செப்டம்பர் 14ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் யெவ்பதோரியாவுக்குத் தெற்கே கரையிறங்கின. 20ஆம் தேதி ஆல்மா ஆற்றங்கரையில் மென்ஷிகோவ் தோற்றார். நல்லவேளை, 36 வயது லெப்டினன்ட் கர்னல் ஒருவர் ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே சுற்றி அளந்துகொண்டிருந்தார்.

அரணே இல்லாத ஊரை எப்படிக் காத்தார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

செவஸ்தபோல் கடற்படைத் துறைமுகம். கடல் பக்கம் கல்கோட்டைகளும் பெரிய பீரங்கிகளும் உண்டு. நிலத்துப் பக்கம், அதிலும் ஊர் இருக்கும் தெற்குப் பக்கத்தில், திட்டம் தாளில் இருந்ததே தவிரத் தரையில் அரைகுறையாகத்தான் இருந்தது. ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊரை வளைத்து ஓர் அரண் வேண்டும். வழக்கமான முறையில் கட்டினால் பல ஆண்டு வேலை. கையில் இருந்ததோ சில வாரங்கள்.

டோட்லபென் கல்லை மறந்தார். மண்ணைப் பிடித்தார். குன்றுகள், பள்ளத்தாக்குகள், எந்த இடத்தில் நின்று சுட்டால் எது தெரியும் என்பதையெல்லாம் பார்த்து, முதலில் பீரங்கி நிற்க வேண்டிய இடங்களைத் தேர்ந்தெடுத்தார். அங்கே பீரங்கியை நிறுத்தி முன்னால் ஒரு மண்மேடு. அது முடிந்ததும் இரண்டு மேடுகளுக்கு நடுவே காலாட்படைக்குப் பதுங்குகுழி. அப்புறம் மேட்டை உயர்த்துவது, தடிமனாக்குவது. எந்த நாள் எதிரி வந்தாலும் அன்றைக்கு இருக்கும் நிலையிலேயே அரண் சண்டைக்கு உதவும். முழுதாக முடித்துவிட்டுத் திறப்பு விழா நடத்துகிற கட்டடம் போல இல்லாமல், வளர்ந்துகொண்டே இருக்கும் அரண். அவருடைய மேதைமை இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பீரங்கிகள் எங்கிருந்து வந்தன? கப்பல்களிலிருந்து. ஆல்மா தோல்விக்குப் பிறகு, எதிரிக் கப்பல்கள் உள்ளே வராமல் தடுக்க, துறைமுக வாயிலில் 5 போர்க்கப்பல்களையும் 2 ஃபிரிகேட்டுகளையும் (சற்றுச் சிறிய போர்க்கப்பல்கள்) ரஷ்யர்களே மூழ்கடித்தார்கள். தாங்கள் வாழ்ந்த கப்பல் தண்ணீரில் அமிழ்வதைக் கரையில் நின்று பார்த்த மாலுமிகள் அழுதார்கள். அந்த மாலுமிகள்தான் கப்பற்படையின் கனமான பீரங்கிகளைக் குன்றின்மேல் இழுத்துப்போய் அவற்றின் அருகிலேயே நின்றார்கள். துணைத்தளபதி கர்னீலவ், நாகிமவ், இஸ்தோமின் ஆகிய மூன்று கடற்படை அதிகாரிகளும் டோட்லபெனோடு ஒரே மனதாக உழைத்தார்கள்.

செவஸ்தபோல் நிலம் பாறை. மேலே மண் கொஞ்சம்தான். பல இடங்களில் மண்ணை வேறு இடத்திலிருந்து கூடையிலும் சாக்கிலும் சுமந்து வர வேண்டியிருந்தது. இரவு பகலாக முறைவைத்து வேலை. சிப்பாய், மாலுமி, கூலித் தொழிலாளி, கைதி, பெண்கள், குழந்தைகள் என்று ஊரே மண் சுமந்தது. பெண்களே எழுப்பிய ஒரு பீரங்கி மேட்டுக்குப் பெண்கள் மேடு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு கொத்தளத்தை அருகே போய்ப் பார்ப்போம். கடைசிவரை ஊரின் உயிர்நாடியாக இருந்த மலகோவ் குன்றில் முதலில் ஒரு கல் கோபுரம்தான், மேலே சில பீரங்கிகள். அதைச் சுற்றி டோட்லபென் மண் அரண் எழுப்பினார். பிரம்பால் பின்னிய, அடிப்பாகம் இல்லாத கூடைகளை வரிசையாக நிறுத்தி, உள்ளே மண்ணைக் கொட்டினால் சுவர். அதன்மேல் மண்மூட்டைகள். நடுவே பீரங்கி வாய் நீட்டும் திறப்பு. எதிரியின் குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிக்காரர்கள் அந்தத் திறப்பு வழியாகப் பீரங்கிக்காரர்களைச் சாய்த்தார்கள். அதற்கு மாலுமிகளிடமே மருந்து இருந்தது: கப்பலின் தடித்த வடக்கயிறுகளைப் பாய் போலப் பின்னித் திறப்பில் தொங்கவிட்டார்கள். பீரங்கியின் வாய் மட்டும் அதில் வெளியே நீளும். துப்பாக்கிக் குண்டு கயிற்றில் சிக்கி நின்றுவிடும்.

நேச நாட்டுப் படைகள் வந்த உடனே ஏன் தாக்கவில்லை?

இன்றுவரை வரலாற்றாளர்கள் விவாதிக்கும் கேள்வி. ஆல்மாவிலிருந்து அவர்கள் நேராக வடக்குப் பக்கத்தைத் தாக்கவில்லை. பிரிட்டிஷ் பொறியாளர் பர்காய்னின் யோசனைப்படி ஊரைச் சுற்றித் தெற்கே போனார்கள். அங்கும், முதலில் முற்றுகைப் பீரங்கிகளை இறக்குவோம் என்ற எண்ணமே வென்றது. உடனே உள்ளே நுழைந்துவிடலாம் என்று சொன்ன ஜெனரல் கேத்கார்ட்டின் பேச்சு எடுபடவில்லை. பிரெஞ்சுத் தளபதி செயின்ட் ஆர்னோ நோயில் விழுந்து அந்த மாதமே இறந்தும் போனார்.

அந்த நாட்களில் தாக்கியிருந்தால் ஊர் விழுந்திருக்கும் என்று டோட்லபெனே பின்னர் எழுதினார். எதிரி தந்த மூன்று வாரம்தான் செவஸ்தபோலைக் காப்பாற்றியது. அந்த மூன்று வாரத்தையும் ஒரு மணி நேரம்கூட வீணாக்காமல் பயன்படுத்தினார்.

முதல் குண்டுவீச்சு நாளில் என்ன நடந்தது?

1854 அக்டோபர் 17. காலையிலிருந்து இரு தரப்புப் பீரங்கிகளும் முழங்கின. ரஷ்யக் குண்டு ஒன்றால் பிரெஞ்சு வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, பிரெஞ்சுப் பீரங்கிகள் அன்றைக்கு ஓய்ந்தன. பிரிட்டிஷ் தரப்பு நன்றாகச் சுட்டது. மூன்றாம் கொத்தளத்தில் ரஷ்யக் கிடங்கு வெடித்து அந்த இடமே உருக்குலைந்தது. மலகோவ் குன்றில் கர்னீலவ் தொடையில் குண்டு பட்டு இறந்தார்.

அன்று மாலை ஒரு தாக்குதல் வந்திருந்தால் மூன்றாம் கொத்தளம் தாங்கியிருக்காது. வரவில்லை. மறுநாள் விடிந்தபோது அந்தக் கொத்தளம் திரும்ப எழுந்து நின்றது, பீரங்கிகளோடு! கல்சுவர் உடைந்தால் உடைந்ததுதான். மண்மேடு சரிந்தால் இரவோடு இரவாக மறுபடி குவித்துவிடலாம். பகலில் எதிரி இடிப்பான், இரவில் டோட்லபென் கட்டுவார். பதினோரு மாதம் இதே கதைதான்.

வெறும் தற்காப்பு மட்டும்தானா?

இல்லை. முற்றுகையிடுபவன்தான் பதுங்குகுழி வெட்டி முன்னேறுவான் என்பது வழக்கம். 1855 பிப்ரவரி, மார்ச்சில் டோட்லபென் தன் கோட்டுக்கு முன்னால் போய், எதிரியின் மூக்குக்கு நேரே இரவில் மூன்று அரண்களை எழுப்பினார். செலெங்கின்ஸ்க், வோலின்ஸ்க், கம்சாத்கா என்று அவற்றைக் கட்டிய படைப்பிரிவுகளின் பெயர்களே அவற்றுக்கு. ஜூன் 7ஆம் தேதி வரை அவை எதிரியை மலகோவுக்குப் பக்கத்தில் வரவிடாமல் தடுத்தன.

நிலத்தடியிலும் போர் நடந்தது. நான்காம் கொத்தளத்தை நோக்கிப் பிரெஞ்சுக்காரர்கள் சுரங்கம் தோண்டினார்கள். டோட்லபென் அதை எதிர்பார்த்து முன்கூட்டியே எதிர்ச்சுரங்கம் தோண்ட வைத்தார். மெல்னிகவ் என்ற கேப்டன் அதற்குப் பொறுப்பு. மெழுகுவத்தி வெளிச்சத்தில், குனிந்து, மூச்சை அடக்கிச் சுவரில் காது வைத்துக் கேட்பது. எதிர்ப்பக்கம் கடப்பாரைச் சத்தம் எங்கிருந்து வருகிறது? நின்றுவிட்டால் இன்னும் பயம், வெடிமருந்தை அடுக்குகிறான் என்று அர்த்தம். யார் முதலில் வெடிக்கிறார்களோ அவர்கள் பிழைத்தார்கள். மெல்னிகவுக்குச் சிப்பாய்கள் 'தலைமை அகழெலி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இந்த நிலத்தடிப் போரில் ரஷ்யர்கள் தோற்கவே இல்லை. நான்காம் கொத்தளத்தைச் சுரங்கத்தால் எடுக்கும் முயற்சி பலிக்கவில்லை.

இளம் பீரங்கி அதிகாரியாக டால்ஸ்டாய் பணியாற்றியது இதே நான்காம் கொத்தளத்தில்தான்.

கடைசியில் ஊர் விழுந்துவிட்டதே? அப்படியென்றால் தோல்விதானே?

விழுந்தது. 1855 ஜூன் 18ஆம் தேதி நடந்த பெரிய தாக்குதலை ரஷ்யர்கள் முறியடித்தார்கள். இரண்டு நாள் கழித்து டோட்லபெனுக்குக் காலில் குண்டுக்காயம். அவரை ஊருக்கு வெளியே பெல்பெக்குக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஜூலையில் நாகிமவ் இறந்தார், இஸ்தோமின் மார்ச்சிலேயே போய்விட்டார். செப்டம்பர் 8 நண்பகலில் பிரெஞ்சுக்காரர்கள் மலகோவ்மேல் பாய்ந்தார்கள். அவர்களுடைய பதுங்குகுழி அதற்குள் சுமார் 25 மீட்டர் தூரத்துக்கே வந்துவிட்டிருந்தது.

இங்கே டோட்லபென்மேல் வைக்கப்படும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மலகோவின் அரண் பின்பக்கமும் அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே புகுந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அதுவே பாதுகாப்பாகிவிட்டது, ரஷ்யர்களால் குறுகலான வழியில் திரும்பிப் பிடிக்க முடியவில்லை. மற்ற எல்லா இடங்களிலும் அன்றைய தாக்குதல்கள் பெரும்பாலும் முறியடிக்கப்பட்டபோதும், மலகோவ் போனதால் ஊர் போனது. அன்றிரவே துறைமுகத்தின் குறுக்கே கட்டியிருந்த மிதவைப் பாலத்தின் வழியாகப் படை வடக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

தோல்விதான். ஆனால் சில நாட்களில் விழுந்திருக்க வேண்டிய ஊர் 349 நாள் நின்றது.

பதவி எவ்வளவு வேகமாக உயர்ந்தது?

முற்றுகை தொடங்கும்போது லெப்டினன்ட் கர்னல், அந்த இலையுதிர் காலத்திலேயே கர்னல், 1855 ஏப்ரலில் மேஜர் ஜெனரல். போருக்குப் பின் நிகோலாயெவ், கிரோன்ஸ்டாட் அரண்கள், பிறகு நாடு முழுக்கப் பொறியியல் துறையின் பொறுப்பு. 1860இல் லெப்டினன்ட் ஜெனரல், 1869இல் பொறியியல் ஜெனரல். செவஸ்தபோல் பாதுகாப்பின் விரிவான வரலாறு இவருடைய மேற்பார்வையில் 1863 முதல் பல பகுதிகளாக வெளிவந்தது.

தஸ்தயேவ்ஸ்கிக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பலருக்கும் இவர் பெயர் அறிமுகமாவது இந்த வழியில்தான், எனக்கும் அப்படித்தான். தஸ்தயேவ்ஸ்கி படித்ததும் அதே பொறியியல் பள்ளி. டோட்லபெனின் தம்பி அடால்ஃப் அங்கே அவருடைய தோழர், சில காலம் ஒரே வீட்டில் தங்கியவர்கள்.

1849இல் சுட்டுக் கொல்லப்படும் தறுவாய் வரை போய், கடைசி நிமிடத்தில் தண்டனை மாற்றப்பட்டு, நான்கு ஆண்டு கடுங்காவல் முடித்து, செமிபலாடின்ஸ்கில் கடைநிலைச் சிப்பாயாகத் தஸ்தயேவ்ஸ்கி கிடந்தார். 1856 மார்ச்சில் டோட்லபெனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். நாடே கொண்டாடும் வீரருக்கு, முன்னாள் கைதி ஒருவர் எழுதும் கடிதம். நண்பர் விராங்கெல் அதைப் பீட்டர்ஸ்பர்க்கில் சேர்த்தார். டோட்லபென் தட்டிக்கழிக்கவில்லை, மேலிடத்தில் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் தஸ்தயேவ்ஸ்கி அதிகாரி ஆனார். 1859இல் அவர் மறுபடி உதவி கேட்டபோதும் டோட்லபென் துணை நின்றார். அந்த ஆண்டு இறுதியில் எழுத்தாளர் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் எழுதியவற்றை நாம் இன்றும் தமிழில் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

பிளெவ்னாவில் என்ன செய்தார்?

1877 ரஷ்ய-துருக்கிப் போர். துருக்கித் தளபதி உஸ்மான் பாஷா பிளெவ்னாவில் மண் அரண்களுக்குப் பின்னால் நின்று ரஷ்யர்களை மூன்று முறை விரட்டினார். செப்டம்பரில் நடந்த மூன்றாவது தாக்குதலில் மட்டும் ரஷ்ய, ருமேனியத் தரப்பில் சுமார் 16,000 பேர் மாண்டும் காயமடைந்தும் போனார்கள். அதுவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த டோட்லபெனை அப்போதுதான் கூப்பிட்டார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, நான்காவது தாக்குதல் கிடையாது என்று சொல்லிவிட்டார். மண் அரணைக் காலாட்படையால் மோதி எடுப்பது எத்தகைய வேலை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

சாலைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. ஜெனரல் குர்கோ கோர்னி துப்னிக்கைப் பிடித்ததும் வெளியுலகத் தொடர்பு அறுந்தது. ஊருக்குள் உணவு தீர்ந்தது. டிசம்பர் 10ஆம் தேதி உஸ்மான் பாஷா உடைத்துக்கொண்டு வெளியேற முயன்று, காயமடைந்து சரணடைந்தார். சுமார் 40,000 பேர் கைதானார்கள். டோட்லபெனுக்கு புனித ஜார்ஜ் விருதின் இரண்டாம் வகுப்பு கிடைத்தது. 1878இல் படை முழுமைக்கும் தலைவரானார், 1879இல் கோமகன் பட்டமும் வந்தது.

அவர்மேல் கறை எதுவும் இல்லையா?

இருக்கிறது. 1879இல் ஜார்மேல் கொலைமுயற்சி நடந்ததும் சில நகரங்களுக்கு எல்லையற்ற அதிகாரத்தோடு கவர்னர் ஜெனரல்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒடெசாவுக்கு டோட்லபென். அங்கே பலர் விசாரணையின்றி நாடுகடத்தப்பட்டார்கள், புரட்சியாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் திமீத்ரி லிசகூப் தன் சொத்தையெல்லாம் இயக்கத்துக்குக் கொடுத்தவர், யாரையும் கொன்றவரில்லை. அலுவலகத்தை நடத்திய பன்யூதின்தான் கொடூரமானவர் என்று சிலர் சொல்வதுண்டு. அதிகாரம் டோட்லபெனுடையது, பொறுப்பும் அவருடையதே. மரண தண்டனையிலிருந்து மீண்ட ஒருவருக்குக் கைகொடுத்தவர், இருபது ஆண்டு கழித்து இந்தத் தூக்குகளைத் தடுக்கவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் மதிப்பையும் மீறி, இந்தப் பக்கத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

புத்தகத்துக்குப் புத்தகம் தேதிகள் மாறுகின்றனவே?

ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12 நாள் வித்தியாசம். முதல் குண்டுவீச்சை ரஷ்ய நூல்கள் அக்டோபர் 5 என்று சொல்லும், நாம் 17 என்கிறோம். இங்கே எல்லாமே புதிய கணக்கு.

எங்கே இறந்தார்? நினைவுச்சின்னம் உண்டா?

கடைசியில் வில்னா பகுதியின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். உடல்நலம் கெட்டு ஜெர்மனியின் பாட் சோடனில் 1884 ஜூலை 1ஆம் தேதி காலமானார். பின்னர் செவஸ்தபோலின் வடக்குப் பக்கத்தில், முற்றுகையில் இறந்தவர்களின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1909இல் நான்காம் கொத்தளம் இருந்த மேட்டில் அவருக்குச் சிலை எழுந்தது. மேலே டோட்லபென் நிற்கிறார். கீழே பீடத்தைச் சுற்றிச் சாதாரணச் சிப்பாய்கள், சேப்பர்கள், நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு பட்டுச் சிலையின் தலை போனது. போர் முடிந்ததும் புதுத் தலை செய்து வைத்தார்கள்.